மனுவிலிருந்து எடுத்த சொல்



இரண்டு வாரத்துக்கு முன் இந்தக் கல்லூரியின் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, நம்ம மேடைக்கு மூணு படி இருக்கு. பசங்க நாலு பேர் நாற்காலியோட தூக்கி வச்சிருவாங்க, பரவாயில்லையா?" என்றார். அன்போடுதான் கேட்டார். நான் ஒரு கணக்குச் சொன்னேன். படிக்கு 6 அங்குலம் என்றால் 3 படிக்கு 18 அங்குலம். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். ஆக 18 அடிக்கு ஒரு சாய்தளம். அடுத்த நாளே தச்சரைக் கூப்பிட்டு அளவு எடுக்க வைத்துவிட்டார். இதோ, மேடைக்கு வலப்பக்கம் நீங்கள் பார்க்கிற பலகைச் சாய்தளம் அதுதான். சற்று முன் அதில் நானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தேன். பொதுவாழ்க்கைக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. பிறர் கை படாமல் நான் ஏறிய மேடைகளை இன்னும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊனத்தோடு வாழ்கிற ஒருவர் எப்படி உரிமைக்காகப் போராடுபவராக மாறுகிறார் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 'ஊனம்' என்ற சொல்லை நான் தெரிந்துதான் பயன்படுத்துகிறேன். 'மாற்றுத்திறனாளி' என்பது அரசு மரியாதையோடு தந்த பெயர், அதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு மாற்றுத் திறன் எதுவும் வாய்க்கவில்லை. நடக்க முடியாது, அவ்வளவுதான். நடக்க முடியாத ஒருத்திக்கும் நூலகத்துக்குள் போகிற உரிமை உண்டா என்பதே என் கேள்வி. திறன் இருந்தால்தான் உரிமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் பழைய சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு சொல்லை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நான் பிறந்தது கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றில். ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது இரண்டு காலும் தொங்கிவிட்டன. அது இளம்பிள்ளை வாதம் என்று தெரியவே இரண்டு வருடம் ஆனது. அதுவரை அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாக நடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனான். பிறகு காலில் மாட்டும் கேலிப்பர் வந்தது. இரும்பும் தோலுமாக அதன் கனம் இன்னும் என் தொடையில் இருக்கிறது.

1982-ல் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பறை முதல் மாடியில். 22 படிகள். ஊரில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம் அப்பா எழுதி வாங்கி வந்தார். 'சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, கால் ஊனமுற்ற என் மகளின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று போகும் அது. முதல்வர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். "கவலைப்படாதீங்க, கூடப் படிக்கிற பிள்ளைங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். மனு அதோடு முடிந்தது.

மூன்று வருடம் என் தோழிகள் என்னைத் தூக்கினார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள அன்பு இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் மாடியில் கழிப்பறை கிடையாது. கீழே இருந்த கழிப்பறைக்கும் நான்கு படி. காலையில் ஒருமுறை ஏற்றி, மாலையில் ஒருமுறை இறக்குகிறார்கள். நடுவில் இன்னொரு முறை எப்படிக் கேட்பது? காலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மாலை வீட்டுக்கு வந்து செம்போடு எடுத்துக் குடிப்பேன். மூன்றாம் வருடம் சிறுநீர்த் தொற்று வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டேன். நிறையத் தண்ணீர் குடி என்றார் மருத்துவர். ஏன் குடிப்பதில்லை என்பதை அவரிடமும் நான் சொல்லவில்லை.

அந்த மூன்று வருடமும் என் மனத்தில் நன்றி மட்டுமே இருந்தது. சேர்த்துக்கொண்டார்களே, தூக்குகிறார்களே, முகம் சுளிக்கவில்லையே என்ற நன்றி. செய்ந்நன்றியறிதலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில் பிறந்தவள் நான். நன்றியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விடிந்ததிலிருந்து அடையும்வரை நன்றியோடே இருக்க வேண்டியவளின் வாயிலிருந்து ஒரு கேள்வி கிளம்பாது. தண்ணீர் கூடக் கேட்க மாட்டாள். என் அனுபவத்தில் ஊனத்தின் மிகப் பெரிய பாரம் அந்த ஓயாத நன்றிதான். கேலிப்பரின் கனம் அதற்கு அடுத்தது.

1996-ல், ஊனமுற்றோருக்காகப் புதிதாக வந்திருந்த சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடந்தது. மூன்று நாள். ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். பகலில் பேசியது ஒன்றும் இன்று நினைவில் இல்லை. இரவு பெண்களெல்லாம் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகு ஒருத்தி சொன்னாள்: "நாளைக்குப் பஸ்ஸுல ஆறு மணி நேரம் போகணும். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்தே நான் தண்ணி குடிக்கல." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இருட்டிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. நானும்தான். நானும்தான். ஓர் ஆசிரியை, என்னைவிட மிகவும் மூத்தவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூட நேரத்தில் ஒரு மடக்குக்கூடக் குடித்ததில்லை என்றார். என் கூச்சம், என் குறை என்று பதினான்கு வருடம் நான் பொத்தி வைத்திருந்தது அந்த அறையில் படுத்திருந்த அத்தனை பேரிடமும் இருந்தது. அத்தனை பேருக்கும் வந்தால் அது எப்படி என் குறையாகும்? அன்று இரவு ஒருவரும் தூங்கவில்லை. என் பொதுவாழ்க்கை அங்கே, அந்தப் பாயில் தொடங்கியது.

பின்னாளில் ஜூடித் ஹியூமன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கல்யாண மண்டபம்தான் கண்ணில் வந்து நின்றது. அவர் 1947-ல் பிறந்தார். ஒன்றரை வயதில் போலியோ. பெற்றோர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிப் பிழைத்த யூதர்கள். ஐந்து வயதில் நியூயார்க்கின் புரூக்ளினில் பள்ளிக்கூடம் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லித் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். பிறகு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து போனார். அதுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த கல்வி. ஒன்பது வயதில் ஒரு பள்ளியில் தனி வகுப்பில் இடம் கிடைத்தது. அந்த வகுப்பும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது.

கோடை விடுமுறைகளில் அவர் கேம்ப் ஜெனெட் என்ற முகாமுக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஊனமுற்ற பிள்ளைகளுக்காக நடந்த முகாம் அது. அங்கே அரசியல் பாடம் எதுவும் நடத்தவில்லை. விளையாடினார்கள், பாடினார்கள், காதலித்தார்கள், இரவெல்லாம் பேசினார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். அந்த முகாமில் பழகியவர்களில் பலர் பின்னாளில் அமெரிக்க ஊனமுற்றோர் இயக்கத்தில் முன்னால் நின்றார்கள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தனியாக இருக்கும்வரை ஊனம் ஒரு விதி மாதிரித்தான் தெரியும். நான்கு பேர் கூடி உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் கதையோடு வைத்துப் பார்த்தால்தான், நடுவில் நிற்கிற படிக்கட்டு எல்லோர் கதையிலும் இருப்பது தெரியவரும்.

1970-ல், பட்டம் பெற்ற ஜூடித்துக்கு ஆசிரியர் உரிமம் மறுத்தது நியூயார்க் நகரக் கல்வி வாரியம். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறியிருந்தார். மருத்துவச் சோதனையில்தான் தள்ளினார்கள். வழக்குப் போட்டார். வழக்கு வந்து சேர்ந்த நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். பள்ளிக்குள் வராதே என்று நிறத்தைக் காட்டித் தடுத்தவர்களோடு வழக்காடியே வளர்ந்தவர் அவர். வாரியம் இறங்கி வந்தது. அந்த நகரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியை ஆனார் ஜூடித்.

இனி நான் சொல்லப்போவதை மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 1973-ல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. பிரிவு சட்டத்தில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் மட்டும் நான்கு வருடமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் ஊனமுற்றோர் அரசு அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரமே கலைந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 150 பேர் வரை நான்காம் மாடியில் தங்கிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள், இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் தேவைப்படுபவர்கள், சிறுநீர்க்குழாய் வைத்திருப்பவர்கள், மாற்றுத் துணி இல்லாமல் வந்தவர்கள். மருந்தைக் கெடாமல் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லை. குளிரூட்டும் இயந்திரத்தின் முகப்பில் ஒரு பெட்டியை ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தார்கள் அதிகாரிகள். காது கேளாதவர்கள் சன்னலில் நின்று சைகைமொழியில் தெருவில் நின்றவர்களோடு பேசினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இருந்து வெளியே செய்தி சொல்லத் தெரிந்தவர்கள் அப்போது அவர்களே. கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அங்கேயே, அந்தக் கட்டடத்திலேயே ஒரு நாடாளுமன்ற விசாரணை நடந்தது. வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஜூடித் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜூடித் குரல் நடுங்க, நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை, தயவுசெய்து தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்ற பொருளில் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. என் அப்பாவின் மனுவைப் படித்துவிட்டு ஆட்டிய தலையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ தலைகள். மறுப்பவரோடு வாதாடலாம், கனிவாகத் தலையாட்டுகிறவரை என்ன செய்வது? மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு நமக்கு விடை தந்தார் அந்தப் பெண். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ அந்த விதிகளில் கையெழுத்திட்டார். அதன் மேல் எழுந்ததுதான் 1990 ஜூலை 26-ல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம்.

அது வேறு நாடு, நமக்கு ஒத்துவராது என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டுக்கு வருவோம். ஜாவேத் அபிதி 1965-ல் அலிகரில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகெலும்பில் குறை. பதினைந்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவில் இதழியல் படித்தார். சக்கர நாற்காலியில் எங்கும் போய்வர முடிந்த பல்கலைக்கழகம் அது. படித்து முடித்துத் தில்லிக்குத் திரும்பியபோது உடம்பு அதே உடம்பு, நாற்காலி அதே நாற்காலி. ஆனால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போக முடியவில்லை. ஊனம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாருக்கும் காட்ட முடியாது. 1993-ல் ராஜீவ் காந்தி அறக்கட்டளையின் ஊனமுற்றோர் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். இரண்டு வருடம் கழித்து, 1995 டிசம்பர் 19 அன்று, தில்லியில் ஊனமுற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். மூன்று நாள் கழித்து, 22-ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் ஊனமுற்றோர் சட்டம் நிறைவேறியது. கல்யாண மண்டபத்தில் நாங்கள் பேசக் கூடியது அந்தச் சட்டத்தைப் பற்றித்தான்.

அபிதி அதோடு நிற்கவில்லை. விமானத்தில் ஏற்றிவிடும் குறுகிய நாற்காலிக்காகவும் தூக்கும் இயந்திரத்துக்காகவும் உச்ச நீதிமன்றம் போனார். 1998-ல் தீர்ப்புப் பெற்றார். 2004 தேர்தலின்போது வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் கேட்டுப் போனார். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1991 கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியே கிடையாது. இந்த நாட்டில் நாங்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது கேட்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இடம்பெற வேண்டும் என்று அவரும் தோழர்களும் விடாமல் நின்றார்கள். இடம்பெற்றது. 2 கோடியே 19 லட்சம் பேர் என்று வந்தது. உண்மையில் அதைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் வாசலில் வந்து கேட்கிற அந்நியரிடம் மகளின் ஊனத்தைச் சொல்லாத வீடுகளை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்றால் சொல்லவே மாட்டார்கள். ஆனாலும் எண்ணப்பட்டோம். எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர் என் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டதை நான் எட்டிப் பார்த்தேன்.

அபிதி 2018 மார்ச் 4 அன்று மறைந்தார். ஜூடித் ஹியூமன் 2023 மார்ச் 4 அன்று மறைந்தார். இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு மார்ச் 4-ஆம் தேதியும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் கூடுகிறோம். படத்துக்கு மாலை போடுவதில்லை. அன்று ஒரு பொதுக் கட்டடத்தை அளந்துவிட்டு வருகிறோம்.

அளப்பது என்றேன். என் பையில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கும்: ஓர் அளவு நாடா, 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரதி. 1996-ல் அந்தக் கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை மனுக்களின் மொழியை மாற்றியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். 'கருணை கூர்ந்து' என்று தொடங்கச் சொல்வார்கள். நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் சட்டப் பிரிவை எழுதுவேன். "ஐயோ, அதை எடுத்துட்டா கோவிச்சுக்குவாங்கம்மா" என்று ஒரு முதியவர் பதறினார். என் கையைப் பிடித்து அந்தச் சொல்லைத் திரும்ப எழுத வைத்தார். அவர் பயம் நியாயமானது. ஓர் உதவித்தொகையில் அவர் மாதம் முழுவதையும் ஓட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தேன். எல்லோருடைய மனுவிலிருந்தும் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று அன்று தெரிந்தது. என் மனுவிலிருந்து மட்டும் எடுத்தேன். அதற்கு வந்த கோபத்தையும் நானே வாங்கிக்கொண்டேன்.

ஓர் அலுவலகத்தின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வாசலில் ஐந்து படி. 30 அங்குலம். சாய்தளம் கேட்டு எழுதினேன், கட்டினார்கள். போய் அளந்தேன். 30 அடி நீளம் இருக்க வேண்டியது 8 அடி இருந்தது. அதில் ஏற முயன்றால் நாற்காலி பின்பக்கம் கவிழும். மீண்டும் எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டேன். நான்கு வருடம். சரியான சாய்தளம் வந்தது. மேலே கதவுக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் மதியம்தான் வருவார். அதற்கும் எழுதினேன். உள்ளே போனால் எங்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் பழைய கோப்பு மூட்டைகள். அதற்கும் எழுதினேன். இதைச் சொல்லும்போது நீங்கள் களைத்துப்போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. எழுதியவளும் களைத்தாள். போலியோ வந்தவர்களில் பலருக்கு ஐம்பது வயதை ஒட்டி மிச்சமிருக்கும் தசையும் தளர ஆரம்பிக்கும். கேலிப்பரை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தது அப்போதுதான். கோரிக்கைக்காக வெயிலில் உட்கார்ந்த நாட்களுக்கு என் உடம்பு இன்னும் வட்டி கட்டுகிறது. சண்டைக்காரி என்று பெயர் எடுத்தேன். ஊருக்கு உழைக்கிற நேரத்தில் உன்னைப் பார்த்துக்கொள் என்று என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்த அண்ணனே சொன்னான். உரிமைக்காகப் பேச வரும் இளையவர்களிடம் இந்தச் செலவை மறைத்துப் பேசுவது தவறு என்பதால் சொல்கிறேன்.

இப்போது சட்டம் நம் பக்கம் முன்னைவிட உறுதியாக நிற்கிறது. 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்கள்; 2016 சட்டத்தில் 21. அரசு வேலையில் இட ஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. 44-ஆம் பிரிவின்படி, அணுகுவதற்கான விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் தரக் கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக் கூடாது. 45-ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருடக் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. வழக்குப் போட்டு 19 வருடம் கழித்து வந்த தீர்ப்பு.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எங்கள் இயக்கத்தில் மேடையில் இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்: போலியோ வந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், படித்தவர்கள். சாய்தளம் சாய்தளம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தில் காது கேளாத இளைஞன் எழுந்து நின்று ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளர் இல்லை. நான் புன்னகையோடு தலையாட்டினேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். முதல்வர் அறையில் நான் பார்த்த அதே தலையாட்டல் என்னிடமிருந்து வந்திருந்தது. அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளர் இல்லாத கூட்டத்தில் நான் பேசுவதில்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளும் மனநோயோடு வாழ்கிறவர்களும் தங்களுக்காகத் தாங்களே பேச இன்னும் சரியான இடம் நாங்கள் தரவில்லை. எங்களைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்று அரசிடம் கேட்கிற நாங்கள், எங்களுக்குள்ளேயே சிலரைக் கேட்காமல் முடிவெடுத்தோம்.

இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கியது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த பகுதி என்ற சான்று கிடைத்தது. என் மாதிரி ஒரு குழந்தை இனி இந்த நாட்டில் உருவாக வேண்டியதில்லை என்பதைவிட மகிழ்ச்சியான செய்தி எனக்கு வேறு கிடையாது. ஆனால் படிகள் அப்படியே இருக்கின்றன. சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முழங்கால் தேய்ந்த பாட்டிமார்கள் அந்தப் படிகளின் கீழே வந்து நிற்கிறார்கள். 1981-ல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் இளம் வயதில் ஒரு விபத்தால் கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். ஓர் ஊரே பயன்பெறும் அமைப்பைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டினார். அவரை மதிக்கிறேன். ஆனால் அவரைக் காட்டி, உன்னாலும் முடியும், தன்னம்பிக்கை வேண்டும் என்று நமக்குச் சொல்லப்படும்போது மறுக்கிறேன். எங்களிடம் தன்னம்பிக்கை போதிய அளவு இருக்கிறது. இல்லாதது கைப்பிடி, சாய்தளம், சைகைமொழி, பிரெய்ல், தாழ்தளப் பேருந்து. மாணவர்களே, எங்களில் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் எப்படித் தடையைத் தாண்டினார் என்று எழுதி முடிக்காதீர்கள். அந்தத் தடையை அங்கே வைத்தது யார் என்றும் விசாரித்து எழுதுங்கள்.

2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் ஊனமுற்றோரை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்கள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வந்தன. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. நானூறு பேர் வாழும் தெருவின் குடிநீர்க் குழாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் எங்களில் ஒருவர் உட்காரப்போகிறார். அங்கே போய் உட்காரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதல் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்தின் வாசற்படியை அளந்து தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். உங்கள் வார்டில் காது கேளாதவர், பார்வையற்றவர், வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை யார் யார் என்று வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரும்போது சந்தித்தேன். முதலாம் ஆண்டு வணிகவியல். சக்கர நாற்காலியில் வருகிறாள். மதியம் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தாள். கீழ்த்தளத்தில் அவள் போகக்கூடிய ஒரு கழிப்பறையை இந்த மாதத்துக்குள் திறந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவளும் மேடையேறிப் பரிசு வாங்க வேண்டும். விழா முடிந்ததும் இந்தப் பலகைச் சாய்தளத்தைப் பிரித்து அடுக்கிவிடாதீர்கள். அது இங்கேயே இருக்கட்டும்.